வேகமாகச் சுற்றினால் நல்ல ஃபேன் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது பற்றிப் போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு குறிப்பு வந்திருந்தது. பிராசஸரை (கம்ப்யூட்டரின் மூளையான சிப்பை) ஆற்றுகிற ஃபேனை மாற்றுவதானால் அதிக வேகத்தில் சுற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள் என்று அதில் ஒரு வரி. இதையேதான் இரண்டு வருடம் முன்னால் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார், நானும் நம்பி வாங்கி ஒரு கோடை முழுக்க அவதிப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளத்தூர். கல்யாணம், கும்பாபிஷேகம் என்று வீடியோ எடிட் செய்து கொடுப்பது தொழில். அதுபோக எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தெரிந்த தாலாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வருகிறேன். கம்ப்யூட்டர் இருப்பது வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, ஒட்டிய அறையில். கடையில் கொடுத்தது 92 மி.மீ. ஃபேன், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகும். சூடு என்னவோ குறைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி தேய்த்த சுண்ணாம்புச் சுவர், சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இல்லாத அறை, அதில் அந்த ஃபேன் போட்ட ஓலம் இருக்கிறதே, ஆயா பாடியதற்கு அடியில் மாவு மில் ஓடுகிற மாதிரி பதிவாகியிருந்தது.

சரி, சத்தம்தானே பிரச்சினை என்று பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போய் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தேன். அது அடுத்த தப்பு. சித்திரை வெயிலில் ஒரு கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்குவது), பிராசஸர் சூடு 98 டிகிரி செல்சியஸுக்குப் போய்விட்டது. பிராசஸர் எரிந்துபோகாது, 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஒரே ஃபேனில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் வரும், சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்குமாம், அப்படியென்றால் 15-க்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் சின்ன ஃபேனை விரட்டுவதைவிடப் பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவதுதான் லாபம். இன்னொன்று, சின்ன ஃபேனின் சத்தம் கீச்சென்று காதைக் குடையும், 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது வெறும் காற்றுச் சத்தம்தான், பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஃபேனைவிட முக்கியம் அதற்குப் பின்னால் இருக்கிற ஹீட்சிங்க், பிராசஸர் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகட்டு அடுக்கு. தகடுகள் நிறைய இருந்து, செம்புக் குழாய்கள் ஓடினால் ஃபேனுக்கு வேலை நன்றாகக் குறையும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, கலர் லைட்டைத்தான் காட்டுகிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கிற டெசிபலையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் எதிரே தடையில்லாமல் ஃபேனைத் தனியாகச் சுற்றவிட்டு அளந்தது. ஹீட்சிங்கின் நெருக்கமான தகடுகளுக்குள் காற்றைத் தள்ளும்போது கதை வேறு. இணையத்தில் பார்க்கிற சூட்டுக் கணக்கும் ஏசி அறையில் எடுத்ததாக இருக்கும். நம் அறையில் 36, 37 டிகிரி. அறையில் பத்து டிகிரி கூடினால் பிராசஸரிலும் ஏறக்குறைய பத்து கூடும், எந்த ஃபேனாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே சத்தமே வராத கூலர் என்று விளம்பரம் வந்தால், நம் ஊர் மே மாதத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளவேண்டியது நாம்தான்.

கடைசியில் 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர் (ஹீட்சிங்க் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்பது) ஒன்று வாங்கினேன், முழு வேகமே 1,500 சுற்றுதான். உயரம் 155 மி.மீ. என்பதைக் கவனிக்காமல் வாங்கியதில் கேபினெட்டின் பக்கத் தகடு மூடவில்லை, ஒரு மாதம் திறந்தே கிடந்தது, அது என் தப்பு. அளந்து பார்த்து வாங்குங்கள். நாலு பின் கனெக்டர் உள்ள ஃபேனாக இருந்தால் வேகத்தை மதர்போர்டு நன்றாகக் கட்டுப்படுத்தும். என்னுடையதில் 60 டிகிரி வரை 700 சுற்று, அதற்கு மேல் மெல்ல ஏறி 85-இல் முழு வேகம் என்று வைத்திருக்கிறேன். சூடு ஒரு நொடி குதித்ததும் ஃபேனும் குதிக்காமல் இருக்கச் சில நொடி தாமதமும் கொடுத்திருக்கிறேன். ஏறி இறங்குகிற சத்தம்தான் சீரான சத்தத்தைவிட எரிச்சல். எக்ஸ்போர்ட் ஓடும்போது 80-ஐத் தாண்டுகிறது, சத்தமும் கேட்கத்தான் செய்கிறது. கேட்கட்டும், அந்த நேரம் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

புது ஃபேனுக்குப் போகும் முன் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் ஊர்ச் செம்மண் தூசி ஹீட்சிங்கில் அடைத்து, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்துபோயிருந்தால் எந்த ஃபேனும் கத்தத்தான் செய்யும். தெரிந்தவர் ஒருவருக்கு அதைச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றியதோடு சரியாகிவிட்டது. புளோயர் அடிக்கும்போது ஃபேனைக் கையால் பிடித்துக்கொள்ளவேண்டும், சும்மா விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும்.

அடுத்த கோடைக்கு இந்தக் குறிப்பைத் திரும்பப் போடுவதாக இருந்தால், அந்த ‘அதிக வேகம்’ வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயாவின் தாலாட்டுகளை மறுபடி பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இப்போது பின்னணியில் வளவுப் புறாக்கள் முனகுவது மட்டும் கேட்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆயாவே சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்