இன்சுலினும் பயோடெக்தான், ஜி-9 வாழையும் பயோடெக்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் உயிரித் தொழில்நுட்பம், அதாவது பயோடெக் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பு பெரிது, உள்ளே இருந்ததெல்லாம் மரபணு மாற்றுக் கத்தரிக்காய் மட்டும்தான். கத்தரிக்காயைப் பற்றி எழுத வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பயோடெக் என்றாலே விதைக் கம்பெனியும் விஷமும்தான் என்று படிக்கிறவர் மனதில் பதிகிற மாதிரி எழுதிவிட்டீர்கள். நான் தேனி மாவட்டத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். அந்தக் கட்டுரை வந்த பிறகு, பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் கடைக்கு வந்து, "இந்த ஊசி மருந்தையும் அப்படித்தேன் செய்றாங்களாமே தம்பி, நிறுத்திரட்டுமா?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், மரபணுவை மாற்றித்தான் இன்சுலினைச் செய்கிறார்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மனித இன்சுலின் இருந்தால் அட்டைப்பெட்டியை எடுத்துப் பாருங்கள், மருந்தின் பெயரை ஒட்டிப் பொடி எழுத்தில் 'ஆர்டிஎன்ஏ ஆரிஜின்' என்று போட்டிருக்கும், மரபணுவை வெட்டி ஒட்டிச் செய்தது என்று அர்த்தம். ஒளித்து மறைத்த விஷயம் இல்லை, யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலின் உள்ள சாறு எடுத்துச் சோதித்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை, உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகிற வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவது ஒன்றுதான் வைத்தியம், எலும்பும் தோலுமாகிச் செத்துப்போவார்கள். அதற்கப்புறம் அறுபது வருடம் உலகத்துக்கே இன்சுலின் வந்தது இறைச்சிக்கூடங்களிலிருந்துதான், மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும். கால் கிலோவுக்கும் குறைவான சுத்த இன்சுலின் எடுக்க இரண்டு டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் வேண்டியிருந்தது. அப்படி எடுத்ததும் மனித இன்சுலின் இல்லை. இன்சுலின் ஒரு புரதம், அதைக் கட்டுகிற செங்கல் மாதிரியானவை அமினோ அமிலங்கள். நம் இன்சுலினில் அவை 51, பன்றியுடையதில் அவற்றில் ஒன்று வேறு, மாட்டினுடையதில் மூன்று வேறு. சிலருக்கு ஊசி போட்ட இடம் தடித்துப் போகும், ஒவ்வாமை வரும்.

1973இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹெனும் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரின் மரபணுவை வெட்டி எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்து வேலை செய்ய வைக்க முடியும் என்று காட்டினார்கள். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கும். அதை நொதியால் வெட்டி, இன்சுலின் செய்வதற்கான மரபணுவை அதில் ஒட்டி, திரும்ப உள்ளே விட்டு, பெரிய தொட்டியில் தீனியும் காற்றும் கொடுத்து வளர்க்கிறார்கள். அது பெருகப் பெருக இன்சுலினும் சேர்கிறது, பிறகு செல்லை உடைத்து, பல கட்டமாகச் சுத்திகரித்து, அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். குப்பிக்குள் பாக்டீரியா கிடையாது. 1978இல் ஆய்வகத்தில் வெற்றி, 1982இல் அமெரிக்க அரசு அனுமதி, மரபணுப் பொறியியலால் விற்பனைக்கு வந்த முதல் மருந்து இதுதான். 2004இல் பெங்களூரு பயோகான் நிறுவனம் ஈஸ்ட்டை வைத்து இதைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரியவரிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி, டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை ஊசியைக்கூட விட்டுவிடாதீர்கள் என்று அனுப்பினேன்.

மஞ்சள் காமாலை தடுப்பூசியும் இப்படித்தான், ஹெபடைட்டிஸ் பி-க்குப் போடுவதைச் சொல்கிறேன். முதலில் வந்த தடுப்பூசியை அந்தக் கிருமி தொற்றியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்துத்தான் செய்தார்கள். 1986இல் ஈஸ்ட் செல்லில் செய்த தடுப்பூசி வந்த பிறகு அந்த ரத்தத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இங்கேயே தயாரித்தது, விலையும் இறங்கியது. இவை ஒன்றுமே உங்கள் கட்டுரையில் இல்லை.

அப்புறம், பயோடெக் என்றால் மரபணு மாற்றம் என்று எடுத்துக்கொண்டதே தவறு. அந்தப் பெயரை ஹங்கேரியின் கார்ல் எரெக்கி 1919இல் பயன்படுத்தியபோது மரபணுவை வெட்டுவதைப் பற்றி யாருக்கும் தெரியாது. உயிரைக் கொண்டு பொருள் செய்வது என்பதுதான் அவர் சொன்னது. தயிரும் இட்லி மாவும் அந்தக் கணக்கில் வந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெரிய தொட்டிகளில் பூஞ்சை வளர்த்துப் பெனிசிலின் எடுத்தார்களே, அதுவும் பயோடெக்தான்.

எங்கள் பக்கம் வாழைத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள். டிஷ்யூ கல்ச்சர் (திசு வளர்ப்பு) முறையில் வந்த ஜி-9 என்ற வாழை ரகத்தின் கன்று இல்லாத ஊர் குறைவு. வாழைக்கன்றின் நுனியில் உள்ள கொஞ்சூண்டு திசுவை ஆய்வகத்தில் வெட்டி, கண்ணாடிக் குப்பியில் கூழ் மாதிரி இருக்கிற ஊட்டத்தில் வளர்த்து, ஒன்றைப் பலவாக்கி, நிழல்வலைக்குள் வைத்துப் பழக்கி, பிறகு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். இதில் எந்த மரபணுவையும் யாரும் தொடுவதில்லை. கிழங்குக் கன்று வாங்கி வைத்தால் அதோடு நூற்புழுவும் கூன்வண்டும் கூடவே வரும், இதில் வராது. ஒரே சமயத்தில் தார் போடும், ஒரே சமயத்தில் வெட்டலாம், லாரிக்குச் சொல்லிவிடலாம். இதற்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்கிறேன்: எல்லாம் ஒரே வார்ப்பு என்பதால் வாடல் நோய் ஒன்று புகுந்தால் தோட்டம் மொத்தமும் போகும், வட இந்தியாவில் டிஆர்-4 வாடல் நோய் அந்த பயத்தைக் கிளப்பியிருக்கிறது. வேளாண் விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட் வாங்கி விதை நேர்த்தி செய்கிற விவசாயியும் பயோடெக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

சரி, மரபணு மாற்றுப் பயிர் பற்றிய பயம் வெறும் வதந்தியா என்றால் இல்லை. முதலில் பயந்தவர்களே விஞ்ஞானிகள்தான். 1975இல் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி, எந்தச் சோதனையை எவ்வளவு பாதுகாப்போடு செய்யலாம் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். நம் நாட்டில் 2002இல் பிடி பருத்தி வந்தது, புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பருத்தி அது, தொடக்கத்தில் காய்ப்புழுவிடமிருந்து காப்பாற்றியது, போகப் போக இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது. பக்கத்தில் சாதாரணப் பருத்தி சில வரிசை போடச் சொன்னதைப் பலர் போடவில்லை, புழு பழகியதற்கு அதுவும் ஒரு காரணம். விதையை ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்ற கோபமும் நியாயமானது. பிடி கத்தரியை 2010இல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது, பக்கத்து வங்கதேசம் 2013இல் அனுமதித்தது. இரண்டு பக்கத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அவை அந்தந்தப் பயிரைப் பற்றிய கேள்விகள். பருத்தியில் புழு பழகியது என்பதற்காக இன்சுலினைச் சந்தேகப்பட முடியாது, இன்சுலின் உயிர் காக்கிறது என்பதற்காகக் கத்தரிக்காயைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடவும் முடியாது.

ஒரு வேண்டுகோள். 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் கமலா என்பது பிபிடி 5204-ஐத் திருத்தியது, நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்கிறதே அந்த நெல்தான். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் சேர்க்காமல், உள்ளே இருப்பதில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி, கதிரில் மணி கூடப் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். இது பிடி பருத்தி மாதிரி இல்லை, டிஷ்யூ கல்ச்சர் வாழை மாதிரியும் இல்லை. இதை எப்படிச் செய்தார்கள், வயல் சோதனை விவரம் முழுதும் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கிறதா, விவசாயி விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாமா, விதை உரிமை யாரிடம் இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்களை விட்டு எழுதச் சொல்லுங்கள். விதைக்கடையில் மூட்டை வந்து இறங்குவதற்கு முன்னால் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
தேனி மாவட்டம்