செருப்பு இருக்கட்டும், தரை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முதியோர் நடைப்பயிற்சி பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "ஓய்வு பெற்றவர்களுக்கு அவசரம் என்ன? மெத்தென்ற செருப்பு ஒன்று போதும், வாசலைத் தாண்டினால் நடைபாதை காத்திருக்கிறது." காத்திருப்பது வாஸ்தவம்தான். யார் எப்போது விழுவார் என்று காத்திருக்கிறது. சாலைப் பணியில் 31 வருஷம் மேற்பார்வை பார்த்தவனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் செருப்பு. வயதானவர்களுக்கு மெத்தென்ற தடித்த அடி ஆகாது. தரை எப்படி இருக்கிறது என்பதைக் காலுக்குத் தெரியவிடாது, தள்ளாட்டம் கூடும். அடி மெல்லியதாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்க வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் வார் கட்டாயம். கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் பெரியவர் ஒருவர் பின்வார் இல்லாத ஹவாய் செருப்பில் சிரித்தபடி நடக்கிறார். அந்தச் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாக வேண்டும். அப்படி நடப்பவர் காலைத் தூக்குவதில்லை, இழுக்கிறார்.

தூக்கி நடப்பவருக்கே கால்விரல் நுனி தரையைவிட்டு எழும்புவது, மிகத் தாழ்ந்து வரும் கட்டத்தில், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆகவே தடுக்கி விழப் பெரிய பள்ளம் எதுவும் தேவையில்லை. நடைபாதையில் பதிக்கும் பேவர் பிளாக் கல் ஒன்று பக்கத்துக் கல்லைவிட அரை விரற்கடை துருத்தினால் போதும்.

ஏன் துருத்துகிறது? நடப்பவர்களுக்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல் போதும், வண்டிப் போக்குவரத்து அதிகமுள்ள இடத்தில் இன்னும் கனமாக வேண்டும். கல்லுக்கு அடியில் மணல் 25 முதல் 40 மில்லிமீட்டர், அதற்கும் அடியில் நன்றாக இறுக்கிய ஜல்லிப் படுகை. நடப்பது என்ன? ஜல்லியை மறந்துவிட்டு, பள்ளம் நிரம்பும்வரை மணலையே அரையடிக்குக் கொட்டி, மேலே கல்லை அடுக்கி, மட்டம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திறப்பு விழா அன்று பளபளவென்றுதான் இருக்கும். ஐப்பசி மழை நாலு நாள் பெய்ததும் அந்த மணல் ஓரக்கல் இடுக்கு வழியாக வடிகாலுக்குள் இறங்கிவிடும். கல் ஊஞ்சலாடும். ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும், இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் வேட்டியில் அடிக்கும். அது ஆறுவதற்குள் கேபிள் போடத் தோண்டுவார்கள். பதினைந்து சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து மூட வேண்டிய குழியில், தோண்டிய மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே கல்லை வைத்துவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது உட்காரும்.

நடக்க 1.8 மீட்டர் தடையில்லாத அகலம், ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று, சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இலேயே நெறிமுறை போட்டாயிற்று. தங்களுக்குத் தெரியாததா? ஆனால் வடிகால் மூடியையே நடைபாதை என்று அழைக்கும் தெருக்களில் ஓரம் ஒன்றேகால் அடி உயரம். வீட்டுக்கு வீடு ஏறி இறங்க முட்டிக்கு ஏது சக்தி? எல்லாரும் தார் ரோட்டிலேயே நடக்கிறார்கள். அதையும் பெரியவர்களின் பிடிவாதம் என்று யாராவது எழுதுவார்கள்.

இன்னொன்று, கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாதது: பைஃபோகல் கண்ணாடி. கீழ்ப்பாதி, படிப்பதற்கான பவர். குனிந்து படியைப் பார்த்தால் படி மங்கித் தெரியும். நடைக்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி மட்டும் தனியாக ஒன்று செய்து வைத்துக்கொள்வது நல்லது.

"அவசரம் என்ன" என்கிறீர்களே, அவசரப்படுத்துவது யார்? சாலையைக் கடக்கும் பச்சை விளக்கின் நேரத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரைக் கணக்கில் வைத்துப் போடுகிறார்கள். 18 மீட்டர் சாலைக்கு 15 விநாடி. எழுபதைத் தாண்டியவர் 0.8 மீட்டர் வேகத்தில் போனால் 22 விநாடிக்கு மேல் ஆகும். மீதி ஏழு விநாடி அவர் நடுரோட்டில், ஹாரன்களுக்கு நடுவே.

பஸ்ஸும் அப்படித்தான். பழைய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர், தாழ்தளப் பேருந்தில் 40. நல்ல மாற்றம்தான். ஆனால் நிறுத்தத்தை விட்டு நடுச்சாலையில் நிறுத்தினால் தாழ்தளத்தின் பலன் பாதி போயிற்று. ரயில் கட்டணச் சலுகை (ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம்) 2020 மார்ச்சில் நின்றது. அன்றிலிருந்து தங்கள் பத்திரிகை அதைப் பற்றி எத்தனை தலையங்கம் எழுதியிருக்கிறது என்று எண்ண விரல்கள் மிச்சப்படுகின்றன. போகட்டும், இருப்பதையாவது சொல்லலாமே. முதியோர் ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை கேட்பவர் தனியாகவோ, இருவரும் தகுதியுள்ள ஜோடியாகவோ டிக்கெட் எடுக்க வேண்டும். பாசத்தோடு மகனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். மகனுக்குத் தனி டிக்கெட் எடுத்தால் தீர்ந்தது. இரண்டு வருஷம் முன்பு இதை எழுதி அனுப்பினேன். இடமில்லாமல் போயிருக்கும். அந்த வார இணைப்பில் நடிகரின் நாய்க்குட்டிக்கு அரைப்பக்கம் தேவைப்பட்டது.

இவ்வளவு சொல்லியும் நான் கேட்கப்போவது ரோட்டையோ ரயிலையோ அல்ல. அவை தங்கள் கையில் இல்லை. முதியோர் பக்கத்தை மட்டும் ஏன் இளநீலப் பின்னணியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அச்சடிக்கிறீர்கள்? வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், எழுத்தின் அளவு 12 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாமல் போடுங்கள். அடுத்த முறை படம் போடும்போது பெரியவரின் செருப்புக்குப் பின்வார் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாலைப் பணி மேற்பார்வையாளர்,
சென்னை 33.