திங்கள், புதன், வெள்ளி சரிப்படாது

அன்பு மகளுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நீயும் உன் தோழிகளும் நடத்தப்போகிற எழுத்தறிவு வகுப்புத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். பாடம், ஆட்கள் எல்லாம் சரி. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் திங்கள், புதன், வெள்ளி மாலை வகுப்பு என்று போட்டிருக்கிறாயே, அதுதான் சரிப்படாது.

விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறது. மறுநாள் விடியலில் கரை சேரும். மீன் எடுத்து விற்கிற பெண்கள் அன்றைக்கு இருட்டோடு எழும்பியாக வேண்டும், அதனால் முந்தின மாலை சீக்கிரமே படுத்துவிடுவார்கள். நீ போட்ட மூன்று நாளில் இரண்டு அப்படியே போயிற்று. கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்குக் கிழமையே கிடையாது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் தண்ணீரில் கிடப்பார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலடிப் பாறையிலிருந்து பிய்த்து எடுப்பது. அப்படியும் கை கிழியும், உப்பு ஏறி எரியும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ‘எழுதுங்கக்கா’ என்றால் யார் வருவார்கள்? வராதவரைப் பார்த்து ‘ஆர்வம் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள் உன் ஆட்கள்.

ஆகவே மீன் விற்கிறவர்களுக்குத் திங்கள், புதன், சனி மாலையை விட்டுவிடு. பாசிக்குப் போகிறவர்களுக்குத் தினத்தாள் காலண்டரை வைத்துக்கொண்டு அமாவாசை, பௌர்ணமியை முதலில் குறி. அந்த 12 நாளை அடித்துவிடு. மிச்சத்தில் ஞாயிறையும் கழித்தால் மாதம் 15 நாள் தேறும். நாளுக்கு ஒன்றரை மணி என்றால் 22½ மணி நேரம். அடிப்படை எழுத்தறிவுக்கு வழக்கமாக 200 மணி நேரம் வைப்பார்கள். ஆக ஒன்பது மாதம். பிள்ளை பெறும் கணக்கு! ஆறு மாதத்தில் முடிப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

ஆண்களுக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் வாய்ப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பகலில் படகுக்கு மராமத்து, வர்ணம் என்று இருப்பார்கள். இரவு ஏழரைக்கு மேல் வை. ஞாயிறு போக 50 நாளுக்கு மேல் கிடைக்கும். இரண்டு மணி நேரம் நடத்தினால் பாதிப் பாடம் தாண்டிவிடும். அதற்குப் பிறகு அவர்களைப் பிடிப்பது கஷ்டம், பாதியோடு நிற்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள். தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, நோன்பு மாதம் இவற்றையும் முன்கூட்டியே கழித்துவிடு.

முதல் நாள் எழுத்து வேண்டாம், கண்ணைப் பார். நாற்பது தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து இருக்கும். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறவரைக் கவனி. ஊசியில் நூல் கோக்கச் சொல். திணறினால் கண்ணாடி கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘எனக்கு மண்டையில ஏறல’ என்று நின்றுபோகிறவர்களில் சிலருக்கு மண்டையில் குறை இல்லை, கண்ணில்தான். பல்பைப் பின்னால் மாட்டினால் அவரவர் நிழலே சிலேட்டில் விழும். இடது பக்கம், தலைக்கு மேலே மாட்டு.

அ, ஆ, இ, ஈ என்று தொடங்காதே. ‘அ’ சுழித்து எழுதும் எழுத்து. பழகாத கைக்கு முதல் நாளே தோல்வி. ட, ப இரண்டும் நேர்கோடு. ப-வின் வலக்கையை மேலே மடக்கி உள்ளே இறக்கினால் ம. அதோடு புள்ளி. இவ்வளவில் மடம், படம், பட்டம், மட்டம் வந்துவிடும். ‘மடம்’ என்பதை இந்தப் பெண்கள் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள்: தங்கச்சிமடம், அக்காள்மடம், புதுமடம் என்று பஸ் போர்டில். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்று தானாக அந்தக் கடைசி மூன்று எழுத்தைக் கண்டுபிடிக்கிற பெண் வகுப்பை விடமாட்டாள். பிறகு க, ல: கடல், பகல், கல். பிறகு வலை.

சறுக்குகிற இடம் இரண்டு. கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். ‘தெ’யைப் பார்த்துக் கொம்பை முதலில் படிக்கப் பார்ப்பார்கள், விரலால் கொம்பை மூடி ‘த’ சொல்லவைத்து, பிறகு விரலை எடு. அடுத்தது உகரம். கு, டு, மு, ரு ஒரு கூட்டம். பு, சு, வு, யு ஒரு கூட்டம். து, நு, லு, று ஒரு கூட்டம். கலந்து சொல்லிக்கொடுத்தால் எல்லாம் குழம்பும். ‘படகு’ என்று எழுதுவதற்கு ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை.

கீழக்கரைப் பக்கம் போனால் வேறு விதம். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள், அரபு எழுத்தில் எழுதிய தமிழை (அரபுத் தமிழ்) படிக்கிற பெரியவர்கள்கூட இருப்பார்கள். எழுத்து அறியாதவர்கள் என்று அவர்களிடம் பேச்செடுத்தால் மரியாதை கெட்டுவிடும். வலமிருந்து இடம் ஓடிப் பழகிய கண். முதல் இரண்டு வாரம் வரியின் இடது ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொடு, போதும். அங்கே ‘லாத்தா’ என்று கூப்பிடு, பாம்பனில் ‘அக்கா’. உன் தோழிகள் ‘மேடம்’ போட வேண்டாம். ‘முதியோர் கல்வி’ என்ற பெயரும் வேண்டாம், முப்பத்தைந்து வயதுக்காரி எப்படி வருவாள்?

கணக்கு அவர்களுக்குத் தெரியும். உன்னைவிட வேகமாக மனசிலேயே போடுவார்கள். எழுதத்தான் வராது. நூற்றைந்தை 1005 என்று எழுதுவார்கள். நூறை எழுதி ஐந்தை எழுதுகிறார்கள், அவர்கள் காதில் அது சரி. நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய் என்று மூன்று கட்டம் போட்டுப் பணத்தை வைத்துக் காட்டு, நடுக்கட்டத்தில் ஒன்றும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். வியாபாரி தருகிற பாசிச் சீட்டுதான் நல்ல பாடப்புத்தகம்: எடை, விலை, பிடித்தம்.

இதை மட்டும் மறக்காதே. கையெழுத்தை மட்டும் கோலம் மாதிரி கற்றுக்கொடுத்து அனுப்பாதே. கைநாட்டு வைக்கிறவருக்கு யாராவது படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் படித்துவிட்டுப் போட்டதாகத்தான் கணக்கு. குழுக் கடன் பத்திரத்தில் தொகை, வட்டி, தவணை மூன்றையும் கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகு கையெழுத்து. பேங்கிலும் மாதிரிக் கையெழுத்தை மாற்றி எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் கைநாட்டு இருக்கிறது என்று பணம் தரமாட்டார்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வரட்டும், ஆனால் தாயின் பாடத்தில் உட்கார வைக்காதே. மகன் ‘அது தப்பும்மா’ என்று ஒரு தடவை சிரித்தால் அவள் மறுநாள் இல்லை. ஒருவர் வெளியே பிள்ளைகளுக்குப் படக்கதை வாசிக்கட்டும். கடைசி 15 நிமிடம் மட்டும் சேர்த்து உட்கார வை; அப்போதும் தாய் படத்தைப் பார்த்துக் கதை சொல்ல, பிள்ளை எழுத்தைத் தேடட்டும்.

ஒரு வகுப்புக்கு இரண்டு தன்னார்வலர். கல்லூரிப் பரீட்சை வந்தால் ஒருவராவது இருக்க வேண்டும். சொல்லாமல் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால் போதும், பாய் விரிக்க ஆள் வராது. சிவப்பு மை யார் பையிலும் இருக்கக் கூடாது.

உங்கள் குழுவைச் சங்கமாகப் பதிய 7 பேர் போதும், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி. அது மெதுவாக. அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தேர்வு எழுத விரும்புகிறவர்களை எழுத வை: வாசிப்பு, எழுத்து, கணக்கு தலா 50 மதிப்பெண்.

சிலேட்டும் பலப்பமும் இங்கே கிடைக்கும், தலைக்கு ஒன்றும் இரண்டுமாக நான் வாங்கி வைக்கிறேன். நீ வரும்போது 1.5, 2 பவரில் படிக்கிற கண்ணாடி பன்னிரண்டு வாங்கி வா. பிளாஸ்டிக் பிரேம் போதும், உப்புக் காற்றில் இரும்புப் பிரேம் துருப்பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா