காய்ச்சல் விட்டும் விடாத இருமல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைரஸ் காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் இருமல் நிற்கவில்லையே என்று பலர் இரண்டாவது, மூன்றாவது முறையாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கொல்வதற்குக் கிருமியே இருக்காது. மிச்சமிருப்பது புண்தான். மூச்சுக்குழாயின் உள்தோல் உரிந்து, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அழிந்திருக்கும். அவை மறுபடி முளைத்து வேலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இருமலைத் தூண்டும் நரம்பு நுனிகளும் அதுவரை தொட்டாற்சிணுங்கியாகவே இருக்கும். குளிர்ந்த காற்று பட்டாலோ, கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலோகூட இருமல் கிளம்பிவிடும். எட்டு வாரம் வரை இப்படி இழுக்கலாம். சளி பச்சையாக வருவதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நிறம் நம் வெள்ளணுக்களின் நொதியிலிருந்து வருவது.

தொண்டை அரிக்கும்போது இருமிவிடாமல், ஒரு மிடறு வெதுவெதுப்பான நீரை விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். பல தடவை அடங்கிவிடும். படுத்தவுடன் இருமல் வந்தால், மூக்குச் சளி தொண்டைக்குள் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் கலந்த உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவலாம். தேன் ஒரு ஸ்பூன் இதமாக இருக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது. மூக்கடைப்புக்கான ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். இன்னொன்றும் அடிக்கடி விட்டுப்போகிறது: ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகளும் வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சலுக்குப் பின் நீடிக்கும் அசதியைச் சோம்பல் என்று யாரும் பழிக்க வேண்டாம். வேலை செய்த அன்று தெம்பாக இருந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்தபடுக்கையாகிற ஒருவரை ‘நடந்தால்தான் சரியாகும்’ என்று விரட்டினால் நிலைமை மோசமாகும். முடிகிற அளவில் பாதியோடு நிறுத்தி உட்காருவதே அவருக்கு மருந்து.

காசநோய் பரவலாக உள்ள இடங்களில், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும் என்பதுதான் எங்கள் பெரிய கவலை. சளியில் ரத்தம், எடை குறைதல், இரவு வியர்வை, நெஞ்சுவலி, படபடப்பு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், விட்ட காய்ச்சல் திரும்ப ஏறுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வாரக்கணக்குப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், எட்டு வாரம் தாண்டிய இருமலுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
சுவாச நோய் மருத்துவர்கள் இருவர்