மண்ணைக் கொட்டாமல் சூரியப் பண்ணை அமையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவிரிப் படுகையின் கடலோர ஒன்றியங்களில் பெரிய சூரிய மின் நிலையங்கள் அமைப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உவர் நிலம் சும்மா கிடக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை, பிறகு என்ன தயக்கம் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நிலக் குத்தகை, யூனிட் விலை எல்லாம் அதில் இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் அந்த நிலத்தில் நிற்கும் தண்ணீர் எந்த வழியாக வடியும் என்பது மட்டும் இல்லை. அஸ்திவார வேலைகளை மேற்பார்வை செய்தே காலத்தைக் கழித்தவன் நான். ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும் கடைமடையில் சம்பா சாகுபடி செய்யும் குடும்பம் எங்களுடையது. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சூரிய மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று எங்கள் மண்ணைக் குடைய வந்தபோது தெருவில் இறங்கிய ஊர்க்காரர்களில் நானும் ஒருவன். புகையில்லாத மின்சாரம் எங்கள் பக்கமும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அது எங்கள் வயலை மூழ்கடித்துவிட்டு வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

எல்லோரும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியைக் காட்டுகிறார்கள். 2016-ல் 648 மெகாவாட் திறனில், சுமார் 2,500 ஏக்கரில் அமைந்த நிலையம் அது. கர்நாடகத்தின் பாவகடாவில் 13,000 ஏக்கர் அளவில் இருக்கிறது. இரண்டும் வானம் பார்த்த பூமி. அங்கே சூரியப் பலகைகளைக் கழுவும் தண்ணீருக்கே யோசிக்க வேண்டும். எங்கள் பக்கமோ ஜூன் மாதம் மேட்டூர் திறந்து ஆற்றுத் தண்ணீர் கடைமடையை எட்டியதிலிருந்து மண் ஈரமாகவே இருக்கும். அதன்மேல் வடகிழக்குப் பருவமழை வரும். கனரக வாகனம் வயலில் இறங்கி வேலை செய்யத் தோதான காலம் மாசி முதல் ஆனி வரைதான். இதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பந்தக் கெடு வைத்தால், மழைக்காலத்தில் சேற்றில் இரும்புத் தகடு விரித்து வண்டி ஓட்டுவார்கள். வேலையும் கெடும், நிலமும் கெடும்.

எங்கள் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மே மாதம் அதில் ஒரு இரும்புத் தூணை அடித்து இறக்கி, பிடித்து இழுத்துப் பார்த்தால் அசையாது. சோதனை வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அதே தூணை நவம்பரில் இழுத்துப் பாருங்கள். மேல்மண் முழுவதும் நெகிழ்ந்து, வெடிப்பு விழுந்திருந்த ஆழம் வரை தூணைப் பிடிக்க ஆளே இருக்காது. புயல் வருவதும் அதே நவம்பரில்தான். பலகையின் அடியில் புகும் காற்று அதை மேலே தூக்கப் பார்க்கும் நேரமும், மண் தன் பிடியை விட்டிருக்கும் நேரமும் ஒன்று. ஆகவே இழுவைச் சோதனையை மண் நனைந்திருக்கும்போது செய்ய வேண்டும். வெடிப்பு விழும் மேல்மண்ணைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. அடிப்பகுதி குடைபோல் விரிந்த கான்கிரீட் அடித்தூண்கள் (பைல்கள்) இத்தகைய மண்ணுக்காகவே உருவானவை. செலவு கூடும்தான், ஆனால் நிற்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மறுநாள் நான் பார்த்த கம்பங்களில் பல ஒடியவில்லை. அடிமண்ணோடு பெயர்ந்து சாய்ந்து கிடந்தன. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875, பகுதி 3) 2015-ல் திருத்தப்பட்டபோது, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை புயலுக்கெனத் தனிப் பெருக்கம் வைத்தார்கள். புயலுக்குப் பிறகும் இயங்கியே ஆகவேண்டிய கட்டுமானம் என்றால் காற்றின் வேகத்தை 1.30-ஆல் பெருக்க வேண்டும். சாதாரணக் கட்டுமானம் என்று வகைப்படுத்தினால் பெருக்கமே கிடையாது. வேகம் 1.3 மடங்கானால் அழுத்தம் 1.69 மடங்காகும். எந்த வகையில் சேர்ப்பது என்ற அந்த ஒரு முடிவில் இரும்பின் எடையும் விலையும் அடங்கியிருக்கின்றன. கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்களைக் கேட்டால், மின் நிலையம் எந்த வகை என்று தயங்காமல் சொல்வார்கள்.

உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். வேதாரண்யம் பக்கம் பழைய கம்பிவேலி எதையாவது குனிந்து பாருங்கள். தரைக்கு ஒரு சாண் மேலும் கீழும், நனைந்தும் காய்ந்தும் வரும் அந்த இடத்தில்தான் இரும்பு முதலில் செதில் செதிலாக உரியும். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், கீழே விரலால் தட்டினால் உதிரும். சூரியப் பண்ணையின் ஆயிரக்கணக்கான தூண்களுக்கும் அதுவே உயிர்நிலை. துத்தநாகப் பூச்சு அங்கே தடிமனாக இருக்க வேண்டும், அல்லது அந்த உயரம் வரை கான்கிரீட் சூழ்ந்திருக்க வேண்டும். உவர் மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும் என்று மகிழ்வார்கள். அந்த எர்த் கம்பியையே மண் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இவையெல்லாம் பணத்தாலும் படிப்பாலும் தீரக்கூடியவை. நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. தாழ்வான நிலம் என்றதும் ஒப்பந்தக்காரருக்கு முதலில் தோன்றுவது மண் அடித்து மேடாக்குவதுதான். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 5 ஏக்கர் என்று வைத்தால் 100 மெகாவாட்டுக்கு 500 ஏக்கர். அதை ஓர் அடி மட்டும் உயர்த்தினாலே சுமார் 2 கோடியே 18 லட்சம் கன அடி மண் வேண்டும். டிப்பர் லாரிக்கு 3 யூனிட் (300 கன அடி) என்றால் 72,000 லோடுக்கு மேல். அந்த மண் எங்கிருந்து வரும்? எங்கள் திடல்களையும் ஏரிகளையும் ஆற்றங்கரைகளையும் வெட்டித்தான் வரும். வந்து கொட்டிய பிறகு, அதுவரை அந்த 500 ஏக்கரில் பரவி நின்ற மழைத் தண்ணீர் அடுத்த ஊர் சம்பாவில் ஏறும்.

கடைமடையில் நிலத்தின் சரிவு கண்ணுக்கே தெரியாது. முள்ளியாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி எல்லாம் கடலை நோக்கி நகரும் வேகம் அவ்வளவுதான். ஓதம் (கடலின் நீர் ஏற்றம்) ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்காது. அது வாங்கும்வரை தண்ணீர் வயலில்தான் தேங்கி நிற்கவேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வடிகாலின் குறுக்கே சாலை போட்டு, ஒப்புக்கு ஒரு குழாயைப் பதித்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ச் சிறுவனும் சொல்வான். எங்கள் பகுதியில் ஒரு கட்டுமான வேலைக்காகக் கிளை வடிகால் ஒன்று அப்படித்தான் குறுகியது. கதிர் வரும் பருவத்துப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்று அழுகியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

தரிசுதானே என்ற பேச்சை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம். இறால் பண்ணைகள் வந்ததும் அந்தப் பேச்சோடுதான். அண்டை வயலும் குடிநீரும் உப்பான பிறகு சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996-ல் தீர்ப்பு வந்தது. கைவிடப்பட்ட இறால் குட்டைகள் இன்றும் அங்கங்கே கிடக்கின்றன. சூரியப் பண்ணைக்கு நிலம் தேடுவோர் முதலில் போகவேண்டியது அந்தக் குட்டைகளுக்குத்தான். நெல் விளையும் ஒரு குழி நிலத்தைக்கூடத் தொடவேண்டாம். சாகுபடி இல்லாத நிலம் என்று பதிவேட்டில் இருந்தாலும், அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து மேய்க்கும் நிலமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஆடுகள் கிடை போட்டால்தான் எங்கள் வயலுக்கு எரு.

தரையை உயர்த்த வேண்டாம், தூணை உயர்த்துங்கள். பலகையின் கீழ் விளிம்பு, இதுவரை கண்ட உச்ச வெள்ளத்துக்கும் மேலே இருக்கட்டும். இன்வெர்ட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் மட்டும் மேடையில் ஏறட்டும். கேபிளைப் பள்ளத்தில் புதைக்காமல் தூணோடு தூணாக மேலேயே கொண்டுபோகலாம். அடியில் தண்ணீர் வந்து நின்று, தன் வழியே போகட்டும். உயரம் கூடினால் காற்றின் நெம்பலும் கூடும், இரும்பும் கூடும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் செலவைத் திட்டம் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அதைப் பக்கத்து வயல்காரர் தன் விளைச்சலால் கட்டுவார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்பதுதான் பெரிய கேள்வி. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப்பட்டியலில் சூரிய மின் நிலையம் இல்லை. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதற்குப் பொருந்தாது. ஆகவே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. மாநில அரசு தன் நிபந்தனையாக இதைச் சேர்க்கலாம்: ஒரு பருவமழைக் காலம் முழுவதும் இடத்தின் நீர்மட்டத்தை அளந்து, வடிகால் வரைபடம் வரைந்து, அதைக் கிராம சபையில் வைத்த பிறகே அனுமதி. எந்த மடை எப்போது அடைக்கும் என்று அறிந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைக்குச் செய்தியாளரைக் கோடையில் அனுப்பாதீர்கள். கார்த்திகை அடைமழையில் வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை ஒன்றியங்களுக்கு அனுப்புங்கள். வடிகால் ஒவ்வொன்றின் கரையிலும் கூட வந்து காட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
திருத்துறைப்பூண்டி.