நெட்டுக்கும் ஒரு பைப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நொடிக்கு 300 மெகாபிட் வேக நெட் இணைப்பு வாங்கிய வீட்டில் மாடி அறைக்கு 20 கூட எட்டவில்லை என்றால் திட்டு விழுவது இணைப்பு கொடுத்தவர்களுக்கு. பல வீடுகளில் ஃபைபர் எனும் ஒளியிழை ஹால்வரை ஒழுங்காகத்தான் வருகிறது. கோளாறு அதற்குப் பிறகு வரும் பத்து மீட்டரில். ஏசிக்குத் தனி லைன், இன்வெர்ட்டருக்குத் தனி லைன் என்று சுவரில் காடி எடுக்கிறவர்கள் நெட்டுக்கு ஒரு பைப் போட மாட்டார்கள். பூச்சு முடிந்தபின் எல்லாச் சுமையும் வைஃபையின் தலையில்.

வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெட் வேகம் அதிகம். ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு தாண்டும். அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடியில் அத்தனை ரவுட்டர்களும் அந்த மூன்றைத்தான் பங்கு போட வேண்டும். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் வைத்தால், கேட்டதையே அது திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

ஆகவே காடி எடுக்கும்போதே, ஃபைபர் வந்து நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும் 25 மிமீ பைப் ஒன்று போகட்டும். கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நெட் கேபிளையும் சொருகுவது ஆபத்து. ஓர் அடி தள்ளியே போகட்டும், குறுக்கிட்டால் செங்குத்தாகக் கடக்கட்டும். எட்டு இழைகளை நான்கு ஜோடியாக முறுக்கிய கேட் 6 எனும் நெட் கேபிள் 100 மீட்டர்வரை 1 ஜிகாபிட் (1000 மெகாபிட்) தாங்கும். வாங்குமுன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நாலு முறை மடக்கினால் ஒடியும். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் அணைந்து அணைந்து வந்தால் இந்த அலுமினியக் கேபிள் காரணமாக இருக்கலாம்.

கேபிள் முனையில் பிளக் அடிக்கும்போது இழைகளின் நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. வெளி இரைச்சலை அடக்குவதே அந்த முறுக்குதான். நான்கு ஜோடியும் பேசினால்தான் 1000 மெகாபிட். நீலத்திலோ பழுப்பிலோ ஓர் இழை விட்டுப்போனால் இணைப்பு அறுபடாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் வருகிறதே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. கணினியில் லிங்க் வேகத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஃபைபரை மூலையில் ஒடுக்கி வளைக்காதீர்கள், ஜன்னல் இடுக்கில் நசுக்காதீர்கள். வளைவு இறுகினால் ஒளி கண்ணாடி இழையைவிட்டுக் கசியும். 3 டெசிபல் இழந்தாலே பாதி ஒளி போயிற்று. இணைப்பு கொடுக்க வருபவரிடம் பவர் மீட்டர் இருக்கும், ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது என்ற அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது மைனஸ் 20 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் நெட் விட்டுவிட்டு வரும். ஃபைபரின் பச்சை நிற இணைப்பு முனையை நீல நிற முனையோடு சேர்க்கவே கூடாது: பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தோடு ஒட்டாது.

கேபிளுக்கு இப்போது பணமில்லை என்றால் பைப்பையாவது போட்டு, உள்ளே ஒரு ஜிஐ கம்பியை இழுத்து விட்டு வையுங்கள். பிறகு கேபிளைக் கட்டி இழுக்க அது போதும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் கேபிள் பணியாளர்கள்