இரண்டு மருதும் ஒரு கொடியும்

திருவிடைமருதூர் பக்கம்,
வைகாசி 8.

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போட முடியவில்லை. இவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது என்று பத்து நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவர்க் காலண்டரில் ராகுகாலம் பார்த்துச் சொல்கிறார். ஆறு வறண்டு மணலாகக் கிடக்கிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா என்பதுதான் டீக்கடை முதல் கோயில் வாசல் வரை பேச்சு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருக்கும் கொடியை மருமகள் மல்லி வகை என்கிறாள், எதிர்வீட்டு அம்மா இல்லவே இல்லை என்கிறார், நீ தீர்ப்புச் சொல் என்று எழுதியிருக்கிறாய். சாயங்காலம் வெள்ளையாக விரிந்த பூ மறுநாள் ரோஸாகி அதற்கடுத்து ரத்தச் சிவப்பாகிறது என்று எழுதினாயே, அந்த ஒரு வரியே போதும் வசந்தா. அது ரங்கூன் மல்லி. வாசனையைத் தவிர மல்லிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. காலேஜில் நாம் க்விஸ்குவாலிஸ் இண்டிகா என்று மனப்பாடம் செய்தோமே, அதுவேதான். பரீட்சைக்கு எழுதிய கொடியை அறுபத்தைந்து வயதில் சொந்த வீட்டுச் சுவரில் பார்த்துவிட்டு யாரென்று கேட்கிறாய். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அந்தப் பெயருக்கே 'யார் இது, எப்படிப்பட்டது' என்றுதான் பொருள். இந்தோனேசியாவில் அம்போன் தீவில் இருந்துகொண்டு கண்பார்வை போன பிறகும் செடிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ரம்பியஸ் வைத்த பெயர் அது. இளசாக இருக்கும்போது புதர் மாதிரி நிமிர்ந்து நிற்கும், கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு வன்கொடியாக ஏறும். எந்த இனத்தில் சேர்ப்பது என்று அவர் திகைத்ததில் நியாயம் இருக்கிறது. அந்த அழகான பெயரை இப்போது எடுத்துவிட்டார்கள். காம்பிரிட்டம் என்ற பெரிய பேரினத்துக்குள் 1998இல் அதைச் சேர்த்தார்கள், இன்று அது காம்பிரிட்டம் இண்டிகம். அறிவியல்படி சரிதான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

நாளைக் காலையில் ஒரு பூவைப் பறித்துப் பார். ஐந்து இதழுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக்குழல் இருக்கும். எல்லோரும் அதைக் காம்பு என்று நினைப்பார்கள். அது புல்லிக்குழல். அதன் அடியில் லேசாகப் புடைத்திருக்கிறதே, அதுதான் சூலகம். இதழ்கள் எங்கோ மேலே, சூலகம் எங்கோ கீழே. பிளேடால் அந்தப் புடைப்பை நெடுக்காகக் கீறு, உன் பேத்தியிடம் லென்ஸ் இருந்தால் வைத்துப் பார். உள்ளே ஒரே அறை. அதன் உச்சியிலிருந்து இரண்டு மூன்று சூல்கள் நீளமான இழையில் தொங்கும், கிணற்றில் கயிறு கட்டி இறக்கிய குடம் மாதிரி. அத்தனை சூலில் ஒன்றுதான் விதையாகும். இந்தத் தொங்கலைப் பார்த்துவிட்டால் குடும்பம் அநேகமாக முடிவாகிவிடும். காம்பிரிட்டேசி. 1810இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் பிரித்துப் பெயர் வைத்த குடும்பம். உலகம் முழுக்கச் சுமார் 500 சிற்றினம், பெரும்பாலும் வெப்பமண்டலத்து மரங்களும் வன்கொடிகளும்.

இதை இவ்வளவு விஸ்தாரமாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நம் படித்துறையிலிருந்து கீழே மதகு வரைக்கும் கரையில் மருது வைப்பது என்று ஊரில் பேசினோம். பழைய மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. நீர்மருதின் வேர் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். அந்த வேரில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நீயும் நானும் நாவல்பழம் தின்றிருக்கிறோம். ஒரு நாற்றுப்பண்ணையில் சொல்லி நாற்பது கன்று வந்தது. சீட்டில் 'மருது' என்று எழுதியிருந்தது. டீச்சர், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். முழங்கால் உயரக் கன்று, நீளமான இலை, எதிரெதிராக இருந்தது, சரி என்று தலையாட்டிவிட்டேன். போன வருஷம் சித்திரையில் பூத்தது. கொத்துக் கொத்தாக ஊதாப்பூ. பையன்கள் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நாற்பதும் பூமருது.

பூமருது நல்ல மரம்தான். அதுவும் ஆற்றோரம் வளர்வதுதான், தண்ணீர் நின்றாலும் தாங்கும். ஆனால் கேட்டது அதை இல்லையே. பெயர் ஒன்றாக இருந்தாலும் குடும்பமே வேறு. பூமருது மருதாணியின் குடும்பம். ஆறு இதழும் கசக்கிப் பிரித்த பட்டுத்துணி மாதிரி சுருங்கியிருக்கும், நடுவில் எண்ணி முடியாத மகரந்தத்தாள், சூலகம் பூவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், காய் வெடித்து நிறைய விதை சிதறும். நீர்மருதுக்கு இதழே கிடையாது. வெளிறிய மஞ்சளில் ஐந்து பல் வைத்த குட்டிக்கிண்ணமும் பத்து மகரந்தத்தாளும்தான் பூ. இரண்டும் கொய்யா, நாவல் சேர்ந்திருக்கிற அதே வரிசையில் வருபவை, அந்தத் தூரத்து உறவுதான் மிச்சம்.

கன்றிலேயே கண்டுபிடிக்க வழி இருந்தது, அதுதான் என்னை உறுத்துகிறது. நீர்மருதின் இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் கடுகளவில் சுரப்பி இருக்கும். இலையைத் திருப்பி விரலால் தடவினாலே தட்டுப்படும். சிற்றெறும்பு வந்து அதில் வாய் வைத்துக்கொண்டிருக்கும். பூமருதில் அது இருக்காது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள், நாற்பது கன்றில் ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதிலிருந்து இந்தக் குடும்பத்தின் பின்னாலேயே அலைகிறேன். இப்போது நீர்மருது மரத்தடியில் போன வருஷக் காய் கொட்டிக்கிடக்கிறது, மேலே புதுப்பூ. ஒரு காயை அரிவாள்மணையில் குறுக்காக நறுக்கினேன், ஆணி அடிக்க வேண்டிய கெட்டி. ஐந்து சிறகும் நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தது. ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் இந்த ஐந்து சிறகை வைத்துத்தான் பென்டாப்டெரா என்று இதைத் தனிப் பேரினமாக்கினார். ஐஞ்சிறகி என்று தமிழில் சொல்லலாம். அப்புறம் ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் 1834இல் சிறகு மட்டும் போதாது, பூ எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று டெர்மினாலியா என்ற பேரினத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்த வைட் யார் தெரியுமா? 1828 வாக்கில் நம் நாகப்பட்டினத்தில் பட்டாளத்து மருத்துவராக இருந்து செடி சேகரித்தவர். ரங்கையா என்ற நம் நாட்டு ஓவியர் அவருக்காக வரைந்திருக்கிறார். அதற்கும் முன்னால், செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறை வகுத்த லின்னேயஸிடம் படித்த கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியிருக்கிறார். நாம் காலேஜ் டூரில் கடல் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். இந்தியத் தாவரங்களை லின்னேயஸ் முறையில் வகைப்படுத்தும் வேலை அந்தக் கரையில்தான் வேர்பிடித்தது என்று அன்றைக்கு நமக்கு யாரும் சொல்லவில்லை.

பேர்களைப் பார்த்தால் இந்தக் குடும்பம் நம் பக்கம் எங்கும் நிறைந்திருக்கிறது. மகாலிங்க சுவாமிக்குத் தலவிருட்சம் மருது. வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது, தெற்கே திருப்புடைமருதூர் கடைமருது, நடுவில் நம் ஊர் இடைமருது. மாயவரம் பக்கம் குறுக்கை வீரட்டத்தில் தலவிருட்சம் கடுக்காய். அதுவும் டெர்மினாலியாதான். திரிபலாவில் கடுக்காயும் தான்றியும் இந்தக் குடும்பம், நெல்லி மட்டும் வெளியாள். பள்ளிக்கூட வாசலில் கல்லால் அடித்துப் பருப்பு தின்றோமே, அந்த நாட்டு வாதுமையும் இதுதான், நிஜப் பாதாமோ ரோஜாக் குடும்பம். தட்டுத் தட்டாக அடுக்கிய கிளையும், உதிரும் முன் சிவக்கும் இலையும், கடலில் மிதந்தே ஊர்போய்ச் சேரும் காயும் வாதுமைக்கு அடையாளம். பிச்சாவரத்தில் உப்புத்தண்ணீரில் வெள்ளைப்பூ பூக்கிற, நுனியில் சின்னப் பள்ளம் விழுந்த தடித்த இலைச் செடி ஒன்று உண்டு, லும்னிட்செரா. போன மாசிமாதம் படகிலிருந்து கையை நீட்டி ஒரு கொப்பை இழுத்துப் பார்த்தேன். அதே கீழ்ச்சூலகம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆற்றங்கரை ராட்சச மரம், சுவரேறும் கொடி, கடற்சேற்றுப் புதர், மூன்றுக்கும் பூவின் அடியில் ஒரே அமைப்பு.

சாலை நடுவில் நெருக்கமாக நட்டார்களே கோனோகார்பஸ், அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். குஜராத்தில் 2023இல் அதை நடத் தடை போட்டார்கள். மருது வளர்கிற மண்ணில் அதைக் கொண்டுவந்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, உன்னிடம் கேட்க வேண்டும். நீ தமிழ் இலக்கியம் இன்னும் படிக்கிறவள். குறுந்தொகை ஐம்பதாம் பாட்டில் 'செவ்வீ மருது' என்று வருகிறது. சிவந்த பூ. நீர்மருதில் எந்த நாளும் சிவப்புப் பூ கிடையாது. அப்படியானால் அந்தப் பாட்டில் வரும் ஆற்றுத்துறையில் உதிர்ந்து கிடந்தது பூமருதா? நான் ஒரு வருஷமாக யோசிக்கிறேன். பூவைப் பார்த்துப் பாடியவர்களுக்கு பூமருதும், கரையையும் நிழலையும் பார்த்தவர்களுக்கு நீர்மருதும் மருதாக இருந்திருக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்தே நம் நிலத்துக்கு அந்தப் பெயர் என்று எனக்குப் படுகிறது. நாற்பது கன்றையும் பிடுங்கவேண்டும் என்று முதலில் துடித்தவள் இந்தப் பாட்டைப் படித்தபிறகு விட்டுவிட்டேன். இடையிடையே நீர்மருது வைத்தால் போதும். இந்த முறை நாற்றுப்பண்ணைக்கு நானே போகிறேன். ஒவ்வொரு கன்றிலும் இலையைத் திருப்பிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவேன். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் குழி வெட்டிவிட வேண்டும்.

நீ இருக்கிற மருதமலைப் பக்கம் ஒரு உதவி செய்யவேண்டும். பாலக்காட்டு மலையடிவாரத்தில் மலையாளத்தில் புல்லாணி என்று ஒரு வன்கொடி உண்டு, கெட்டோனியா. இதற்கும் இதழ் கிடையாது. பூ முடிந்தபின் புல்லி ஐந்தும் உலர்ந்து நீண்டு, காயைச் சுற்றி இறகுப்பந்து மாதிரி நிற்கும். காட்டுக்குள் தண்ணீர் கிடைக்காதபோது இதன் தண்டை வெட்டிக் குடிப்பார்கள். புத்தகத்தில் பார்த்ததோடு சரி, கையில் எடுத்துப் பார்த்ததில்லை. உன் மகன் அந்தப் பக்கம் போகும்போது உதிர்ந்த காய் கிடைத்தால் நாலு பொறுக்கிவரச் சொல்.

உன் வீட்டு ரங்கூன் மல்லியிலும் காய் பிடித்தால் எழுது. நம் ஊரில் அபூர்வமாகத்தான் காய்க்கும், அதிலும் ஐந்து மூலை இருக்கும். பூ அனுப்புவதானால் காம்பு என்று நினைத்து அந்தக் குழலைக் கிள்ளிவிடாதேடி, அடியோடு பறித்துப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் நாலு நாள் வைத்து அனுப்பு. வெள்ளை, ரோஸ், சிவப்பு மூன்றும் வேண்டும்.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை. அதையும் எழுது.

உன்,
கமலா